பன்னிரண்டு வாயில்கள்: கைஃபெங் நகரில் நோயின் மூலத்தைத் தேடிய வைத்தியர்

1232-ஆம் ஆண்டுக் கோடையில் சீனாவின் கைஃபெங் நகரத்தின் பன்னிரண்டு வாயில்கள் வழியாகவும் பிணங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு வாயிலில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்குக் குறையாது, கூடிப்போனால் இரண்டாயிரம். இந்தக் கணக்கை எழுதிவைத்தவர் லீ காவ் என்ற வைத்தியர். அப்போது அவருக்கு வயது 52. கணக்கைச் சொல்லிவிட்டு அவர் ஒரு கேள்வியும் கேட்டார்: இத்தனை லட்சம் பேருமா குளிர் காற்று பட்டுச் செத்தார்கள்?

நோய் எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சீன மருத்துவம் சொல்லும் பதிலைத் தேடினால், முதலில் யின்-யாங் வட்டமும் ஐந்து பூதங்களின் படமும் வந்து நிற்கும். அந்தப் படங்களை எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு ஒன்றும் விளங்கியதில்லை. ஏற்கெனவே இருந்த விளக்கம் ஒன்று எந்த இடத்தில் கைவிட்டது, கைவிட்டபோது வைத்தியர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தபோதுதான் கொஞ்சம் பிடிபட்டது. கைஃபெங் அப்படிப்பட்ட இடம்.

முற்றுகை

அப்போது வட சீனாவை ஆண்டது ஜுர்ச்சென் இனத்தாரின் ஜின் அரசு. மங்கோலியரின் நெருக்கடி தாங்காமல் 1214-ல் தலைநகரை இன்றைய பெய்ஜிங் பகுதியிலிருந்து கைஃபெங்குக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டே பழைய தலைநகர் விழுந்தது. வடக்கிலிருந்து ஓடிவந்தவர்களால் கைஃபெங் நிரம்பியது. லீ காவும் அப்படி வந்தவர்தான். ஜென்டிங் ஊரில் பெரிய பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாய் நோயில் விழுந்தபோது வைத்தியர்கள் வரிசையாக வந்து ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் என்ன நோய் என்றே தெரியாமல் அவர் இறந்துபோனார். அந்த ஆற்றாமையில்தான் பெரும் பணம் கொடுத்து ஜாங் யுவான்சூ என்ற ஆசிரியரிடம் மருத்துவம் கற்றார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது.

1232-இன் மூன்றாம் மாதத்தில் சுபுதாயின் மங்கோலியப் படை நகரைச் சூழ்ந்தது. வெளியிலிருந்து கல்லெறி பொறிகள், உள்ளேயிருந்து வெடிமருந்து அடைத்த இரும்புக் குண்டுகள். பதினாறு நாள் இரவு பகலாகச் சண்டை. நான்காம் மாதம் சமாதானப் பேச்சு நடந்து படை கொஞ்சம் விலகியது. ஊருக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் சாவு தொடங்கியது.

ஜின் அரசின் வரலாற்று ஏடு அந்த ஐந்தாம் மாதத்தைப் பற்றி இரண்டு செய்திகளை அடுத்தடுத்துத் தருகிறது. ஒன்று, ஒரு நாள் குளிர்காலம் போலக் கடுங்குளிர் அடித்தது. நம் கணக்கில் அது கோடை. மற்றொன்று, நகரில் பெருநோய் கண்டது. ஐம்பது நாளில் வாயில்கள் வழியே போன பிணங்கள் 9 லட்சத்துக்கு மேல். புதைக்க வழியில்லாத ஏழைகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

முற்றுகைக்குள் இருந்த கவிஞர் யுவான் ஹாவ்வென் ஐம்பது அறுபது நாள் என்றும் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் என்றும் எழுதினார். லீ காவ் ஏறக்குறைய மூன்று மாதம் என்கிறார். நான் சும்மா பெருக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு வாயில், வாயிலுக்கு ஆயிரத்தைந்நூறு, ஐம்பது நாள்: சரியாக 9 லட்சம். மூன்று மாதம் என்று வைத்தால் பதினாறு லட்சத்தைத் தாண்டும், அது நம்பும்படியாக இல்லை. முதல் கணக்குப் பொருந்துவதாலும் எண் உண்மை என்று ஆகிவிடாது. ஊரில் உலவிய ஒரே பேச்சை எல்லோரும் எழுதியிருக்கலாம். ஊரே காலியாகும் அளவுக்குச் சாவு என்பதில் மட்டும் மூவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

குளிர் என்று சொன்னவர்களின் பக்கம்

நகரத்து வைத்தியர்கள் பெரும்பாலோர் இதைக் குளிர்த்தாக்கு என்றார்கள். சீனத்தில் ‘ஷாங்ஹான்’. அவர்களை மூடர்கள் என்று ஒதுக்கிவிட்டால் இந்த நிகழ்வே புரியாமல் போய்விடும். அவர்கள் கையில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் சோதித்துப் பார்த்த ஒரு விளக்கம் இருந்தது.

அந்த விளக்கம் பிறந்ததே பேயையும் சாபத்தையும் தள்ளிவிட்டுத்தான். இன்றைக்கு மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஷாங் அரசர் வூ டிங்குக்குப் பல்வலி வந்தால், செத்துப்போன முன்னோரில் யாருக்குக் கோபம் என்று எலும்பைச் சுட்டுக் குறி கேட்டார்கள். கி.மு. 541-ல் ஒரு மாற்றம் தெரிகிறது. ஜின் என்ற பழைய நாட்டின் (மேலே சொன்ன ஜின் வேறு, எழுத்தும் வேறு) அரசர் நோயில் கிடந்தார். குறி சொன்னவர் இரண்டு தெய்வங்களின் பெயரைச் சொன்னார். அண்டை நாட்டிலிருந்து வந்த ஹ என்ற வைத்தியர் பார்த்துவிட்டு, இது பேயும் இல்லை, சாப்பாடும் இல்லை, அளவு மீறிய பெண்ணாசை என்று முகத்துக்கு நேரே சொன்னார். சொன்னதோடு நிற்காமல் ஒரு பட்டியலும் தந்தார். வானத்தில் ஆறு ‘ச்சி’ உண்டு: நிழல், வெயில், காற்று, மழை, இருள், ஒளி. எது அளவு மீறினாலும் அதற்குரிய நோய் வரும். காற்று மீறினால் கைகால், மழை மீறினால் வயிறு, இருள் மீறினால் மனக்குழப்பம்.

(‘ச்சி’ என்று தமிழில் எழுதினால் முகம் சுளிப்பது போல ஒலிக்கிறது, தெரியும். மூச்சு, ஆவி, உயிராற்றல் எல்லாம் கலந்த சொல் அது. ஒற்றைத் தமிழ்ச் சொல்லில் அடங்காததால் அப்படியே விடுகிறேன். அதேபோல் சீனர் சொல்லும் ‘காற்று’ நம் சித்த மருத்துவத்தின் வளி அல்ல. வளி உடம்புக்குள்ளேயே இருப்பது. சீனக் காற்று தெருவில் அடிப்பது, சட்டைக் கழுத்து வழியே நுழைவது.)

வானிலைதான் நோய் என்ற இந்த எண்ணம் பிற்பாடு ஆறு மிகைகளாக உருப்பெற்றது: காற்று, குளிர், வெக்கை, ஈரம், வறட்சி, தீ. மருத்துவத்தின் மூல நூலான மஞ்சள் பேரரசரின் நூல் ஒரு நிபந்தனையையும் சேர்த்தது. தீயது எங்கே வந்து கூடுகிறதோ, அங்கே உடலின் ச்சி முன்பே குறைந்திருக்கும். ஆக எப்போதும் இரண்டு பேர் உண்டு: வெளியிலிருந்து வருபவன், உள்ளே காவல் இருப்பவன். இனி நடந்த சண்டையெல்லாம் யார் மீது குற்றம் சாட்டுவது என்பதைப் பற்றித்தான்.

கி.பி. 200-ஐ ஒட்டி ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் குற்றத்தை வெளியாள் மீது போட்டார். அவருக்குக் காரணம் இருந்தது. இருநூறு பேருக்கு மேல் இருந்த அவருடைய குலத்தில், 196-ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டு முடிவதற்குள் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதில் பத்துக்கு ஏழு குளிர்த்தாக்கு என்று அவரே எழுதினார். குளிர் தோலில் நுழைகிறது. அங்கேயே பிடித்தால் மருந்து கொடுத்து வியர்க்க வைத்து வெளியே தள்ளலாம். விட்டால் ஆறு கட்டமாக உள்ளே போகும். உள்ளே போய் வெப்பமாகி மலம் கட்டினால், பேதி கொடுத்துக் கீழ்வழியே தள்ளவேண்டும். வந்தவனை வந்த வழியிலோ வேறு வழியிலோ விரட்டு. அவ்வளவுதான் தத்துவம். நன்றாகவே வேலை செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயிரம் ஆண்டு நின்றிருக்காது.

இப்போது கைஃபெங்குக்குத் திரும்புவோம். கோடையில் குளிர்காலக் குளிர். பருவம் தப்பிய வானிலை. அடுத்து ஊர் முழுக்கக் காய்ச்சல், தலைவலி, குளிர் நடுக்கம். பாடத்தை மனப்பாடம் செய்த எந்த வைத்தியரும் குளிர்த்தாக்கு என்றுதான் சொல்லியிருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நேர்வாளம்

லீ காவ் தன் கண்ணால் பார்த்த சிகிச்சைகளைச் சொல்கிறார். சிலர் வியர்க்க வைத்தார்கள். சிலர் ‘பாதோவ்’ கொடுத்தார்கள். அது வேறொன்றுமில்லை, நம் நாட்டு மருந்துக் கடைகளில் அறிந்த நேர்வாளம்தான். சுத்தி செய்யாமல் தொடவே கூடாது என்று நம் வைத்தியர்கள் எச்சரிக்கும் கொட்டை. இன்னும் சிலர் ‘செங்ச்சி’ கஷாயம் கொடுத்தார்கள். அதன் முதல் சரக்கு நாம் ரேவல்சின்னி என்கிற கிழங்கு. எல்லாம் குடலைக் கழுவித் துடைக்கும் மருந்துகள்.

கொஞ்ச நேரத்தில் நோயாளிக்கு நெஞ்சு கட்டியது, அல்லது உடம்பு மஞ்சளாகியது. குளிர்த்தாக்குப் பாடத்தில் இந்த இரண்டுக்கும் தனித்தனி மருந்து உண்டு. அவையும் பேதி மருந்துகளே. அவற்றையும் கொடுத்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

அவர் இதைப் பற்றிச் சொல்வதுதான் இந்த நிகழ்வின் மையம். முதலில் வந்தது குளிர்த்தாக்கு அல்ல. தப்பான மருந்து கொடுத்ததால் நோய் உருமாறி, அசல் குளிர்த்தாக்கு மாதிரியே தோற்றம் எடுத்தது. வைத்தியர் அதைப் பார்த்து ‘நான் சொன்னது சரிதானே’ என்று மேலும் அதே வழியில் போனார். குற்றம் மருந்துடையது.

நம் ஊர் அக்குபங்சர் வகுப்புகளில் எல்லா நோய்க்கும் மூலம் கழிவுத் தேக்கம்தான், கழிவை வெளியேற்றினால் போதும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சீன மருத்துவமே அதுதான் என்ற தோரணையில் சொல்வார்கள். பட்டினியால் காய்ந்த வயிற்றில் பேதி மருந்தை ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற இந்தச் சீன வைத்தியரிடம் அதைச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

லீ காவின் வாதம்

அவர் நோயிலிருந்து தொடங்கவில்லை. நோயாளிகள் கடந்த மூன்று மாதம் எப்படி வாழ்ந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கினார். முற்றுகைக்குள் காலையில் பட்டினி, சாயங்காலம் கிடைத்ததை வயிறு முட்டத் தின்பது. தூக்கத்துக்கு நேரமில்லை. மதில் வேலை, கல் சுமப்பு. குளிருக்குப் போர்வையில்லை, வெயிலுக்கு நிழலில்லை. எந்நேரமும் பயம். இப்படி இரண்டு மூன்று மாதம் போனால் இரைப்பையின் ச்சி எப்போதோ வற்றிப்போயிருக்கும். முற்றுகை விலகியதும் சோறு கிடைக்கிறது. ஒரேயடியாகத் தின்கிறார்கள். விழுகிறார்கள்.

இது கைஃபெங்கின் தனிக்கதை இல்லை என்பதற்குச் சான்றும் வைத்தார். அதற்கு முந்திய பத்து இருபது ஆண்டுகளில் டோங்பிங், தைய்யுவான், ஃபெங்ஷியாங் நகரங்கள் முற்றுகையிடப்பட்டன. ஒவ்வொன்றிலும் முற்றுகை விலகிய பிறகுதான் இப்படிச் சாவு வந்தது. குளிர் நான்கு ஊருக்கும் வெவ்வேறு காலத்தில் முற்றுகை முடியும்வரை காத்திருந்தா வந்தது? இதை அவர் இந்த வார்த்தைகளில் கேட்கவில்லை. ஆனால் வாதத்தின் முனை இதுதான். ஒரே மாதிரிச் சூழலில் ஒரே மாதிரிச் சாவு வந்தால், காரணம் அந்தச் சூழலில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஆளுக்கு நல்ல தர்க்கம்.

அவர் வைத்த பெயர் ‘அகக்கேடு’. அதற்கு எதிர்ப்பக்கம் வெளியிலிருந்து வரும் ‘புறக்கேடு’. இரண்டிலும் காய்ச்சல் உண்டு, தலைவலி உண்டு, நடுக்கம் உண்டு. அதனால்தான் குழப்பம். குழப்பத்தைத் தீர்க்கவே ஒரு நூல் எழுதினார். அது 1247-ல் முடிவான வடிவம் பெற்றது. கட்டிலருகே நிற்கிற வைத்தியன் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்லக்கூடிய அடையாளங்களாக அது நிறைந்திருப்பதால் எனக்குப் பிடித்த நூல் அது.

புறங்கை சுடுகிறதா, உள்ளங்கை சுடுகிறதா என்று பார். புறங்கை என்றால் வெளியிலிருந்து வந்தது. உள்ளங்கை என்றால் உள்ளிருந்து. நடுங்குகிறவனை நெருப்புப் பக்கம் உட்கார வை, இன்னொரு போர்வை போடு. அப்படியும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் புறக்கேடு. கதகதப்பான இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டால் அகக்கேடு. தலைவலி விடாமல் இருந்தால் புறம், வந்து வந்து போனால் அகம். பேச்சைக் கேள்: குரல் கனத்து வேகமாக வந்தால் வெளியாளோடு சண்டை நடக்கிறது என்று பொருள். பேசவே சோம்பல், ஒரு வாக்கியத்துக்கு மூச்சு போதவில்லை என்றால் உள்ளே ஆள் இல்லை. மூக்கு அடைத்திருக்கிறது, ஆனால் வாய்க்கு ருசி தெரிகிறது என்றால் புறம். மூக்கு நன்றாக இருக்கிறது, வாய்க்குச் சோறு சோறாகத் தெரியவில்லை என்றால் அகம். இடது மணிக்கட்டு நாடி பெரிதா, வலது மணிக்கட்டு நாடி பெரிதா என்பதும் இதேபோல் ஒரு அடையாளம்.

சரி, பட்டினியால் வந்த நோய் என்றால் உடம்பு குளிர்ந்துதானே போகவேண்டும், ஏன் கொதிக்கிறது? இங்கேதான் அவர் தத்துவத்துக்குள் இறங்குகிறார். சாப்பாட்டின் சத்தை இரைப்பை வாங்குகிறது, மண்ணீரல் மேலே தூக்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. (சீன மருத்துவத்தின் மண்ணீரல், வயிற்றில் இடப்புறம் இருக்கும் உறுப்பு என்பதைவிட, செரித்ததை உடம்புக்கு ஆக்கிக்கொடுக்கும் ஒரு வேலையின் பெயர்.) தூக்க ஆள் இல்லாதபோது சத்து கீழே சரிகிறது. அது சரிந்த இடத்தில், அடியில் அடங்கியிருக்க வேண்டிய தீ கிளம்பி மேலே ஏறுகிறது. அதற்கு ‘யின் தீ’ என்று பெயர் வைத்தார். காய்ச்சல், தாகம், மூச்சிரைப்பு, பெரிய நாடி எல்லாம் இந்தத் தீயின் வேலை. வெளியாள் மூட்டிய தீ இல்லை. வீட்டுக்காரன் எழ முடியாததால் அடுப்பிலிருந்து சிதறிய தீ.

இதை உடற்கூறாகப் படித்தால் நிற்காது. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் வழியாகப் படித்தால் ஒரு வேலை செய்கிறது. ஏனென்றால், இப்படிச் சொன்னவுடன் காய்ச்சலுக்குக் குளிர்ச்சியான மருந்தோ பேதியோ கொடுக்க வழியில்லாமல் போகிறது. கொடுத்தால் வீட்டுக்காரன் இன்னும் படுத்துவிடுவான். அதனால் காய்ச்சலுக்கு இனிப்பும் சூடும் உள்ள மருந்து. கேட்கவே விபரீதமாக இருக்கும். ஜின்செங், ஹுவாங்ச்சி வேர், பாய்ஜு கிழங்கு, அதிமதுரம், டாங்குய் வேர், உலர்ந்த ஆரஞ்சுத் தோல். கீழே சரிந்ததை மேலே தூக்கக் கொஞ்சம் ஷெங்மா, கொஞ்சம் சாய்ஹூ. எட்டுச் சரக்கு. ‘பூஜோங் யிச்சி’ கஷாயம், நடுவயிற்றை நிரப்பி ச்சியைக் கூட்டுவது என்று பொருள்.

மருந்து பலித்ததா? வாயில் வாயிலாக இறந்தவர்களை எண்ணியவர், நூலின் அந்தப் பகுதியில் பிழைத்தவர்களை எண்ணவில்லை. பேதி கொடுக்கப்பட்டவர்கள் எல்லோரும் செத்தார்கள் என்கிறார். எந்த மருந்தும் வாங்காமல் மூலையில் கிடந்தவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது தெரிந்தால்தானே அந்த வாக்கியத்துக்கு எடை வரும். அவர் காலத்து வைத்தியரிடம் அதை எதிர்பார்க்க முடியாது, அதனால் குறையாகச் சொல்லவில்லை; ஆனால் இன்று வாசிக்கிற நாம் அந்த இடத்தில் நின்று போகவேண்டும்.

மூன்றாவது பெட்டி

இதற்கு 58 ஆண்டு முன்பு, 1174-ல், தெற்கே சோங் அரசில் சென் யான் என்பவர் நோய்க் காரணங்களை மூன்று பெட்டியாகப் பிரித்திருந்தார். வெளிக் காரணம்: ஆறு வானிலை மிகைகள். உள் காரணம்: மகிழ்ச்சி, கோபம், கவலை, ஓயாத சிந்தனை, துயரம், பயம், திடுக்கிடல் என்ற ஏழு உணர்ச்சிகள். உள்ளும் இல்லை வெளியும் இல்லை என்ற மூன்றாவது பெட்டியில் பட்டினி, அதிகத் தீனி, களைப்பு, வெட்டுக்காயம், மிருகக் கடி என்று மிச்சம் எல்லாவற்றையும் போட்டார். இன்று பாடப்புத்தகங்களில் வருவது பெரும்பாலும் இந்த மூன்று பெட்டிதான்.

அந்தப் பிரிவின்படி பார்த்தால் கைஃபெங் மக்களைக் கொன்ற பட்டினியும் களைப்பும் மிச்சச் சாமான் பெட்டியில் கிடந்தவை. லீ காவ் அவற்றை எடுத்து வீட்டின் நடுவில் வைத்தார். இத்தனை பிணம் பார்த்தவருக்கு அவை மூலையில் கிடக்கக்கூடிய சாமானாகத் தோன்றியிருக்காது.

அவருக்குத் தொற்று தெரியாதா?

தெரியும். அதனால்தான் இந்த நிகழ்வு எளிதாக முடிந்துவிடுவதில்லை.

முப்பது ஆண்டு முன்பு, 1202-ல், அவர் ஜியுவான் என்ற ஊரில் வரி அதிகாரியாக இருந்தார். அங்கே ‘பெருந்தலை நோய்’ வந்தது. குளிர் நடுக்கத்தோடு தொடங்கி முகம் தலையெல்லாம் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். உறவுக்காரர் வீட்டுக்கு உறவுக்காரர் போவதை நிறுத்திவிட்டார்கள், ஒட்டிக்கொண்டால் பிழைப்பது அரிது என்று. அங்கேயும் வைத்தியர்கள் பேதி கொடுத்தார்கள். கொஞ்சம் குறையும், மறுநாள் திரும்பும், மறுபடி பேதி, கடைசியில் சாவு. நோய் தலையில் இருக்கிறது, நீங்கள் குற்றமற்ற வயிற்றைத் தண்டிக்கிறீர்கள் என்று லீ காவ் சொன்னார். வெப்பத்தையும் நஞ்சையும் மேலிருந்தே கலைக்கும் ஒரு மருந்தைச் சேர்த்து, செய்முறையை ஆள் நடமாட்டமுள்ள இடங்களில் ஒட்டிவைத்தார். பின்னால் அதைக் கல்லில் பொறித்தார்கள்.

ஆக, ஒட்டிக்கொள்ளும் நோயை அவர் பார்த்திருக்கிறார், அதற்கு வேறு மாதிரி மருந்தும் செய்திருக்கிறார். அப்படிப்பட்டவர் கைஃபெங்கில் அதே பெயரைச் சொல்லவில்லை. ஏன் என்று அவர் விளக்கவில்லை. என் ஊகம் இது: ஜியுவானில் நோய்க்கு ஒரு முகம் இருந்தது, வீங்கிய முகம். எல்லோருக்கும் ஒரே முகம். கைஃபெங்கில் நோய்க்கு முகம் இல்லை. ஒருவருக்கு நெஞ்சடைப்பு, ஒருவருக்கு மஞ்சள், ஒருவருக்கு வெறும் தளர்ச்சி. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அவர்கள் வாழ்ந்த மூன்று மாதம் மட்டும்தான். பொதுவானதைக் காரணம் என்றார்.

இன்றைய கண்ணுக்கு இங்கே பல நோய்கள் தெரிகின்றன. நெரிசல், பேன், அழுக்குத் தண்ணீர் இருக்கும் முற்றுகை நகரில் டைஃபஸ் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பிளேக் என்ற சந்தேகமும் உண்டு. மங்கோலியப் படையெடுப்புகளோடு பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பிளேக் சீனாவுக்குள் வந்திருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் ராபர்ட் ஹைம்ஸ் 2014-ல் வாதிட்டார். அவ்வளவு குறுகிய காலத்தில் அவ்வளவு சாவு என்றால் வெறும் பட்டினி மட்டும் காரணமாக இருக்க முடியாது என்றுதான் எனக்கும் படுகிறது. நெஞ்சு கட்டியதும் மஞ்சளானதும் மருந்தின் குற்றம் என்று அவர் சொன்னது, நோயின் சொந்த அடுத்த கட்டமாகவே இருந்திருக்கலாம்.

ஆனால் அவர் சொன்ன ஒன்று இன்றும் நிற்கிறது. நெடுநாள் பட்டினி கிடந்தவர் திடீரென்று வயிறு நிறையச் சாப்பிட்டால் செத்துப்போகலாம். இரண்டாம் உலகப் போரில் சிறைமுகாம்களில் இருந்து விடுபட்டவர்கள் அப்படி இறந்ததைப் பார்த்துத்தான் நவீன மருத்துவம் அதை ஒழுங்காகப் பதிவு செய்தது. ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சடாரென்று சரிவது காரணம். கைஃபெங் வாயில்கள் வழியே போனவர்களில் அப்படி இறந்தவர்களும் இருந்திருப்பார்கள். பட்டினியும் பேதி மருந்தும் எந்தத் தொற்றையும் கொடியதாக்கும் என்பதற்கு யாரும் ஆராய்ச்சி செய்யவேண்டியதில்லை.

‘எது வந்தது’ என்று வைத்தியர்கள் கேட்டபோது, லீ காவ் ‘யாருக்கு வந்தது, அவர் அதற்கு முன் எப்படி இருந்தார்’ என்று கேட்டார். அந்தக் கேள்வி சரியானது. அதன் பதில்தான் முழுமையில்லாதது.

1642

நானூற்றுப் பத்து ஆண்டு கழித்து இன்னொருவர் பழைய கேள்விக்கே திரும்பினார், ஆனால் வேறு பதிலோடு. 1641-ல் ஷான்டோங், ஜெஜியாங், அதைச் சுற்றிய மாகாணங்களில் பெருநோய். தைஹு ஏரிப் பக்கத்து வைத்தியர் வூ யூஷிங் பார்த்தார். இங்கேயும் மற்றவர்கள் குளிர்த்தாக்குக்கான மருந்தையே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் அதே குற்றச்சாட்டு: நோயாளிகள் நோயால் சாகவில்லை, வைத்தியத்தால் செத்தார்கள். லீ காவ் எழுதியதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஒற்றுமை.

அதற்கு மேல் ஒற்றுமை இல்லை. இது காற்றும் இல்லை, குளிரும் இல்லை, வெக்கையும் இல்லை, ஈரமும் இல்லை. வானத்துக்கும் பூமிக்கும் நடுவே தனியாக ஒரு வேற்று ச்சி இருக்கிறது, அது தோல் வழியாக இல்லாமல் வாய் மூக்கு வழியாக நுழைகிறது என்றார் வூ. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி ச்சி. மாட்டுக்கு வருவது ஆட்டுக்கு வருவதில்லை, கோழிக்கு வருவது வாத்துக்கு வருவதில்லை என்று காட்டினார். வானிலையைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு, அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத, ஆளைத் தேர்ந்தெடுத்துத் தாக்கும் ஒன்றை ஏற்றினார். கிருமி என்று அவர் சொல்லவில்லை. சொன்னதாக இன்று சிலர் பெருமைப்படுவது கொஞ்சம் அவசரம். அது இன்னும் ச்சிதான்.

மருந்து? ரேவல்சின்னி. சீக்கிரம் கொடு, மலம் கட்டும்வரை காத்திருக்காதே, வந்தவனை முளையிலேயே விரட்டு என்றார். லீ காவ் கொலைமருந்து என்று சொன்ன அதே கிழங்கு.

எனக்கு இந்த இடத்தில்தான் சீன மருத்துவத்தில் ‘காரணம்’ என்ற சொல்லுக்கு என்ன வேலை என்று புரிந்தது. அடையாளங்களைப் பார்த்து, மருந்து போகவேண்டிய திசையைத் தீர்மானிக்க வைக்கும் தீர்ப்புதான் அங்கே காரணம். வெளியாள் என்று தீர்ப்பு வந்தால் விரட்டு, வீட்டுக்காரன் என்று வந்தால் சோறு போடு. தீர்ப்பு மாறினால் ஒரே கிழங்கு நஞ்சாகவும் அமுதமாகவும் ஆகிவிடும். அதனாலேயே இவர்கள் காரணத்தைப் பற்றி இவ்வளவு கோபத்தோடு எழுதினார்கள். பழைய தீர்ப்பைப் புதியது ரத்து செய்வதும் இல்லை. எல்லாம் அருகருகே இருக்கின்றன. 2020 தொடக்கத்தில் வூஹானுக்குப் போன மூத்த வைத்தியர் டோங் ஷியாவ்லின், வைரஸ் எது என்பது தெரிந்த பிறகும், ஊரின் குளிரையும் மழை ஈரத்தையும் நோயாளிகளின் நாக்கையும் பார்த்து ‘குளிர்-ஈரக் கொள்ளைநோய்’ என்று பெயர் வைத்தார். ஹ வைத்தியரின் பட்டியல் அப்போதும் உயிரோடு இருந்தது.

கைஃபெங்கில் உண்மையில் எந்த நோய் என்று தெரிந்துகொள்ள இனி ஏட்டில் வழியில்லை. ஐரோப்பாவில் பிளேக் குழிகளில் செய்தது போல, அந்த ஆண்டில் இறந்தவர்கள் என்று உறுதியாகத் தெரிந்த எலும்புக்கூடுகளின் பல்லிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்தால் ஒருவேளை தெரியும். சிக்கல் என்னவென்றால், வூ யூஷிங் தன் நூலை எழுதிய அதே 1642-ல் கைஃபெங் மறுபடியும் முற்றுகைக்குள் இருந்தது. இந்த முறை மஞ்சள் ஆற்றின் கரைகளை உடைத்துவிட்டார்கள். வெள்ளம் நகரை மூடியது, நகரவாசிகளில் பெரும்பாலோர் இறந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் வந்த வெள்ளங்களின் வண்டல் அடுக்கடுக்காகப் படிந்து, இன்றைய நகரம் பழையதன் தலைக்கு மேல் நிற்கிறது. லீ காவ் பார்த்த கைஃபெங் பல மீட்டர் ஆழத்தில், தன் வாயில்களோடு, மண்ணுக்குக் கீழே கிடக்கிறது.